காதுக்காளான் வகுப்பு

ஏரிக்குடில், அக்டோபர் 9

அன்புள்ள மர்யுத் அக்காவுக்கு,

தம்பி யார்க்கோ எழுதுவது. நீயும் ஒஸ்மோ அத்தானும் சௌக்கியம்தானே? போனில் நாம் பேசிக்கொள்வதில்லை, மாறி மாறி மூச்சுதான் விடுகிறோம், அதற்கு எழுதித் தொலைக்கலாம் என்று சொன்னவள் நீதான். அதனால் எழுதுகிறேன்.

உன் குடிலில் வசதியாகவே இருக்கிறேன். முதல் நாள் அடுப்பு புகைந்து கண்ணைக் கரித்தது, இப்போது பழகிவிட்டது. சாவி கொடுத்ததற்கு நன்றி. அப்பா தன் கையாலேயே அறுத்துச் செய்த பூட்டு, அதற்கு இந்த ஒரே சாவி. பத்திரமாக வைத்திருக்கிறேன், பயப்படாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் காளான் பாடங்களை இணைய வகுப்பாகப் போடப் போவதாகவும், அதற்கு எவரோ கட்டி வைத்திருக்கும் ஒரு ஆயத்த இணையத் தளத்தை வாடகைக்கு எடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். வேண்டாம் அக்கா. இருபது வருஷம் போன் கம்பெனியில் மென்பொருள் எழுதியவன் உனக்குத் தம்பியாக இருக்கும்போது, எவனோ அடித்த கூடாரத்தில் நீ ஏன் கடை போட வேண்டும்? நாளைக்கு அவன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனால் உன் மாணவர்கள் எங்கே போவார்கள்? உனக்கென்று சொந்தமாக ஒரு தளம் நான் கட்டித் தருகிறேன். மே மாதம் காதுக்காளான் முளைப்பதற்குள் தயாராகிவிடும். சரி என்று ஒரு வார்த்தை சொல்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் தம்பி,
யார்க்கோ


துர்க்கு, அக்டோபர் 12

அன்புள்ள யார்க்கோவுக்கு,

நாங்கள் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை, அதனால் வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

டேய், நீ வந்து கட்டும் வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? நேற்று ஒஸ்மோ அந்த ஆயத்தத் தளத்தில் சும்மா முயன்று பார்த்தார். காபி ஆறுவதற்குள் முதல் பாடம் ஏறிவிட்டது. வீடியோ, கேள்வித்தாள், சான்றிதழ் எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஊருக்குப் போக பஸ் ஏறுகிறவள் பஸ்ஸை நானே செய்து ஓட்டுவேன் என்று அடம்பிடிப்பாளா? காளான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தால் போதும். மற்றதெல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும்போது அதை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். உனக்குத்தான் எதையும் நம்பத் தெரியாது.

கோபித்துக்கொள்ளாதே, சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு சமையலறை வாங்கி மாட்டியிருந்தால் இன்றைக்கு உனக்குப் பெண்டாட்டி இருப்பாள். நீயே அறுத்து நீயே இழைத்து ரீக்காவை மூன்று வருஷம் குளியல் தொட்டியில் பாத்திரம் கழுவ வைத்தாய். அவள் போகும்போதும் ஒரு அலமாரிக்குக் கதவு இல்லை.

சாப்பாட்டை விட்டுவிடாதே. கம்பளிக் காலுறை அனுப்புகிறேன்.

அக்கா,
மர்யுத்


ஏரிக்குடில், அக்டோபர் 27

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. காலுறை வந்தது.

நீ எழுதியது உண்மை. இரண்டு அலமாரிகளுக்குக் கதவு இல்லை, ஒன்றுக்கு அல்ல.

உனக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபமில்லை. காலையில் விழித்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. கம்பெனி என்னை அனுப்பிய பிறகு எவனும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வேலை வாய்ப்பு அலுவலகத்தில் இருக்கும் பெண்கூட என் முகத்தைப் பார்க்காமலே பேசுகிறாள். உன் தளத்தை நினைத்தபோதுதான் பல மாதங்களுக்குப் பிறகு முகம் கழுவினேன். அது இல்லையென்றால் நான் எதற்குக் கால்சட்டை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

ஏரி ஓரத்தில் பனிக்கட்டி கட்டத் தொடங்கிவிட்டது.

யார்க்கோ


துர்க்கு, நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

உடம்பும் மனமும் நலமாக இருக்கிறாயா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே கொஞ்சம் வேலை அதிகம்.

நான் யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. எவனோ ஒருவன் கூடாரத்தை நம்பி இறங்கக் கூடாது. நீயே கட்டு. உன் இஷ்டப்படி கட்டு. அவசரமே இல்லை, நிதானமாகச் செய். வீடியோக்களை ஒஸ்மோ அனுப்பி வைப்பார்.

ரீக்கா போன வாரம் பேசினாள். உன்னை விசாரித்தாள். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

ஒரே ஒரு உதவி. குளிர் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுப்பை அணைய விட்டுவிடாதே, சமையலறைக் குழாய் உறைந்தால் வெடித்துவிடும். போன வருஷம் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வருஷம் நீ இருப்பது பெரிய நிம்மதி.

கிறிஸ்துமஸுக்கு வருகிறோம்.

அன்புடன்,
அக்கா


ஏரிக்குடில், ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகத் துர்க்கு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீ கொண்டுவந்த பன்றித்தொடையை இன்னும் தின்றுகொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று மாலை அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற உங்களோடு வராததற்கு மன்னித்துவிடு. வீடியோ பாதியில் நின்றுகொண்டிருந்தது, விட்டால் கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. இப்போது சரியாகிவிட்டது. கேள், காதுக்காளான் பாடத்தில் என்ன செய்திருக்கிறேன் தெரியுமா? பச்சையாகத் தின்றால் ஆளைக் கொல்லும் காளான். நிறையத் தண்ணீரில் ஒரு முறை கொதிக்க வைத்து, தண்ணீரைக் கொட்டி, அலசி, மறுபடி ஒரு முறை கொதிக்க வைக்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று நீ சொல்கிறாயே, அந்த இரண்டாவது கொதி முடியும் வரைக்கும் 'அடுத்து' என்ற பட்டனே திரையில் வராது. தாண்டிப் போகவே முடியாது. உன் ஆயத்தத் தளத்தில் இது நடக்குமா? சொல்.

நூலக வண்டி ஓட்டும் ஹில்க்கா வியாழக்கிழமைதோறும் வருகிறாள். "அப்படி என்னதான் செய்றீங்க உள்ளேயே உக்காந்துக்கிட்டு?" என்று கேட்டாள். அரசாங்க ரகசியம் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, நம்மூர்க்காரி.

ஒரு சந்தேகம். விருந்தின்போது உன் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. "பாத்தியா, இன்னொண்ணு வந்துடுச்சு" என்றார் அத்தான். நீ மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாய். என்ன இன்னொன்று?

இனி எனக்குச் சோதனை மாணவர்கள் வேண்டும். உண்மையான ஆட்கள். உனக்குத் தெரிந்தவர்களை அனுப்பு.

தம்பி,
யார்க்கோ


துர்க்கு, ஜனவரி 10

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அந்த டிங் டிங் ஐஸ் ஹாக்கி ஸ்கோர். ஒஸ்மோவுக்கு அது ஒரு பைத்தியம், என் போனிலும் போட்டு வைத்திருக்கிறார்.

மாணவர்கள் கிடைத்துவிட்டார்கள், ஏழு பேர். ஹெல்மி ரவுத்தியோ, தோய்வோ கார்வினென், ஆல்மா லெப்பனென், ஊனோ தம்மி, சய்மா தம்மி, வில்லே புஸ்தினென், லெம்பி அஹோ. எல்லாரும் வயதானவர்கள், முன்பு என்னோடு காட்டுக்கு வந்து பழகியவர்கள். போனில் பேசுவது அவர்களுக்குப் பிடிக்காது. எதுவானாலும் தளத்துக்குள்ளேயே எழுதிக்கொள்ளுங்கள். குடும்ப விஷயமெல்லாம் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

அடுப்பு எரிகிறதல்லவா?

அக்கா


ஏரிக்குடில், மார்ச் 3

என் அருமை அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும், ரொம்ப நாள் இருக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு யாரை வேண்டுமானாலும் வாழ்த்தத் தோன்றுகிறது.

உன் ஏழு பேரும் தங்கமான மனிதர்கள். தோய்வோ தாத்தாவுக்குக் கண் சரியில்லை, இரண்டாம் பாடத்திலேயே மாட்டிக்கொண்டார். அவருக்காக எழுத்தையெல்லாம் பெரிதாக்கினேன். அதில் படங்கள் குலைந்தன, படங்களைச் சரி செய்தேன், அப்போது கேள்வித்தாள் குலைந்தது. இரண்டு வாரம் போயிற்று. அவர் "இப்போ பளிச்சுன்னு தெரியுது தம்பி, கண்ணாடியே வேணாம்" என்று எழுதியபோது அந்த இரண்டு வாரமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தம்மி தம்பதி பதிலுக்குப் பதில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், படித்துச் சிரித்தேன்.

ஹெல்மியைப் பற்றி உனக்கு மட்டும் சொல்கிறேன். தினமும் எழுதுகிறாள். முதலில் காளானைப் பற்றித்தான் எழுதினாள், பிறகு மழை, பிறகு காபி, பிறகு தனியாகச் சாப்பிடுவது. ரொட்டியை வெட்டும்போது இப்போதும் இரண்டு பேருக்கே வெட்டிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். எனக்கும் அப்படித்தான் அக்கா. ரீக்காவிடம் இதையெல்லாம் நான் ஒருநாளும் பேசியதில்லை. ஹெல்மிக்கு என்ன வயதென்று நீ சொல்லவில்லை. எத்தனை இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. பனி உருகியதும் குடிலுக்குக் காபிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

தாடியை எடுத்துவிட்டேன். காலையில் ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறேன். எல்லாம் உன்னால்.

உன் தம்பி,
யார்க்கோ


ஏரிக்குடில், ஏப்ரல் 27

மர்யுத்,

மார்ச்சில் நான் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்துகொண்டிருந்தேன். அது ஒன்றும் இல்லையென்று நேற்றுத் தெரிந்தது.

பனி உருகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஏற்றிய மெழுகுவத்திக் கூடுகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் போடலாம் என்று தேவாலயத்துக்குப் போனேன். ஹெல்மி ரவுத்தியோ அங்கேதான் இருக்கிறாள். அம்மாவுக்கு இடது பக்கம். 1961-லேயே வந்துவிட்டாள். அவளுக்கு அடுத்தது தோய்வோ. தம்மி தம்பதிக்கு ஒரே கல், அவர்கள் சண்டை போட்டுக்கொள்ள வாய்ப்பே இல்லை. மற்ற மூன்று பேரையும் தேட வேண்டியிருக்கவில்லை, அதே வரிசைதான். எட்டி நடந்து போய்ப் பார்க்கக்கூட உனக்குச் சோம்பலாக இருந்திருக்கிறது.

கல்லறை வாசலில் ஹில்க்கா வண்டியை நிறுத்தினாள். என் முகம் எப்படி இருந்ததோ, காபி ஊற்றிக் கொடுத்தாள். தளத்தைப் பற்றி அவளிடம் முதல் முறையாகச் சொன்னேன்.

"மர்யுத் நடத்துற வகுப்பா? அத நான் பிப்ரவரியிலேயே முடிச்சுட்டேனே! சர்டிபிகேட்ட பிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேன். எங்க நூலகத்துல பாதிப் பேரு அதுலதான் இருக்காங்க."

"எந்தத் தளத்துல?"

"ஏதோ எல்லாரும் வெச்சிருக்கிறதுதான். நல்லாத்தான் ஓடுது. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவங்கதானே?"

எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஹெல்மி எழுதியதை எழுதியது நீயா, ஒஸ்மோவா?

யார்க்கோ


துர்க்கு, மே 2

யார்க்கோவுக்கு,

உடம்பு நலமா என்று கேட்டால் நடிப்பென்று சொல்வாய். கேட்கவில்லை.

ரீக்கா நவம்பரில் போன் செய்து அழுதாள். "அவனுக்கு எதாச்சும் வேலை குடு மர்யுத். இல்லேன்னா ஒருநாள் போய் ஏரியில விழுந்துடுவான். என்னால அதத் தாங்க முடியாது" என்றாள். கொடுத்தேன். அழுகிற பிள்ளை கையில் எதையாவது கொடுப்பதில்லையா? அதுதான். வகுப்பு அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது, உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதிய அன்றே. அது ஒருநாள்கூட நிற்கவில்லை, கிறிஸ்துமஸ் விருந்தில் என் போன் அடித்ததெல்லாம் புது மாணவர்கள் சேர்ந்த சத்தம்தான். தோய்வோவுக்கு எழுத்தைப் பெரிதாக்க அங்கே ஒரு பட்டன் இருக்கிறது, தெரியுமா? உனக்கு இரண்டு வாரம் ஆனதை அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடலாம்.

கல்லறைப் பெயர்கள் எனக்கே பிடிக்கவில்லை. நீ திடீரென்று ஆள் கேட்டாய். மெழுகுவத்தி ஏற்றியபோது எடுத்த போட்டோ போனில் இருந்தது. அதில் தெரிந்த பெயர்களை எழுதினேன், அவ்வளவுதான்.

ஹெல்மியின் முதல் இரண்டு மூன்றை எழுதியது நான். அப்புறம் எனக்கு நேரமில்லை, ஒஸ்மோ எழுதினார். காலை உணவின்போது உட்கார்ந்து எழுதி எனக்குப் படித்துக் காட்டுவார். அவருக்கு அது பிடித்துப் போயிற்று. உனக்கும்தான் பிடித்திருந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நீ குளித்தாய், தாடியை எடுத்தாய், ஏரியில் விழவில்லை. எனக்குக் குழாய் வெடிக்கவில்லை. உயிரோடு இருக்கிறாய், அதற்கு வேண்டுமானால் என்னைத் திட்டு.

ஜூனில் நடுக்கோடை விழாவுக்கு ஒஸ்மோவின் நண்பர்கள் குடிலுக்கு வருகிறார்கள். மே மாதம் முடிவதற்குள் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடு.

மர்யுத்


ஏரிக்குடில், மே 24

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள். நானும் நலம். கோபமெல்லாம் ஆறிவிட்டது.

தளத்தை அழித்துவிட்டேன். ஒரே பட்டன்தான், கண்ணிமைக்கும் நேரம் ஆயிற்று. ஹில்க்காவின் நூலகத்தில் கோடைக்கு ஒரு ஓட்டுநர் வேண்டுமாம், என்னை எடுத்துக்கொண்டார்கள். வண்டியை அவர்களே கொடுக்கிறார்கள், நான் செய்ய வேண்டியதில்லை.

சவுனா நீராவிக் குளியலறைக்குப் பின்னால் மணல் மேட்டில் காதுக்காளான் முளைத்துவிட்டது, இந்த வருஷம் நல்ல பெருசு. உன் பாடத்தை வரிக்கு வரி பின்பற்றினேன். இரண்டு முறை கொதிக்க வைத்து, தண்ணீரைக் கொட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து, வெண்ணெயில் வதக்கி, பாலேடு ஊற்றிக் குடிலில் இருந்த மண்ஜாடியில் நிரப்பியிருக்கிறேன். ஹில்க்கா மகளைப் பார்க்கத் துர்க்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். கொதிக்க வைக்க வேண்டாம், அலச வேண்டாம். எல்லாம் ரெடிமேட். திறந்து சாப்பிட வேண்டியதுதான். ரெடிமேடாகக் கிடைப்பதை நம்பத் தெரிய வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் நீதானே?

சாப்பிட்டுவிட்டு எழுது.

தம்பி,
யார்க்கோ


துர்க்கு, ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக, புது வேலையில் சந்தோஷமாக இருப்பாய். நீ கோபம் ஆறி எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா தம்பிக்குள் ஆயிரம் இருக்கும்.

ஜாடி வந்தது. என்ன ருசி! அம்மா கைப்பக்குவம் அப்படியே உன்னிடம் இருக்கிறது. ஒரே வேளையில் இரண்டு பேரும் காலி செய்துவிட்டோம். ஒஸ்மோ ரொட்டித் துண்டால் அடியை வழித்துத் தின்றார். "ஒன் தம்பி சமையல்காரனா போயிருக்கலாம்" என்றார். ஜாடியைக் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன், அடுத்த வருஷம் நிரப்பித் தர வேண்டும்.

நேற்று குடிலுக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. சவுனா பெஞ்சுக்கு அடியில், விறகுக் கொட்டகையில் எல்லாம் தேடினோம், சாவி கிடைக்கவில்லை. ஹில்க்காவைக் கேட்டால், "நான் ஜாடியோட சேத்து எல்லாத்தையும் கொடுத்துட்டேனே" என்கிறாள். ஒன்றும் புரியவில்லை. சாவியை எங்கே வைத்தாய்? விருந்தாளிகள் வரப் போகிறார்கள், உடனே எழுது.

அன்புடன்,
அக்கா


கிராம நூலக நிலையம், ஜூன் 11

மர்யுத்துக்கு,

சாவி ஜாடிக்குள் இருந்தது. அடியில், சின்னப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தேன். அதையும் தனியாக இரண்டு முறை கொதிக்க வைத்துத்தான் போட்டேன்.

உன் ஊர்க் குப்பைவண்டி என்றைக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் பூட்டுக்கு வேறு சாவி இல்லை என்பது உனக்குத் தெரியும். கதவை உடைத்தால் புதுப் பூட்டு கடையில் கிடைக்கும், ரெடிமேடாக.

காளானில் ஒரு குறையும் இல்லை. அதே சட்டியிலிருந்து நானும் ஹில்க்காவும் அன்றைக்குச் சாப்பிட்டோம். அவள் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள்.

உங்கள் இருவர் உடம்பையும் இந்தத் தடவை விசாரிக்க வேண்டியதில்லை. நீங்கள் எதையும் தின்னவில்லை.

யார்க்கோ